சாலையா, களமா?

எங்கள் பள்ளியின் மதிலை ஒட்டிச் செல்லும் சாலை, அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தாற்போல் ஒரு கிலோமீட்டர் தூரம் வளைவின்றிச் செல்வது. இரு மருங்கிலும் வேப்ப மரங்கள். மழை பெய்தால் நீர் தேங்குவதில்லை. ஊரில் இதைப்போல் நல்ல சாலை வேறில்லை என்று பெரியவர்கள் பெருமையுடன் கூறுவர். அந்தப் பெருமையே ஒருநாள் வினையாக முடியும் என்று சென்ற ஆண்டு வரை நாங்கள் எண்ணியதில்லை.

மாலையில் பள்ளி விட்டதும் நாங்கள் பேருந்து நிறுத்தத்தில் நிற்போம். வாரத்தில் இரண்டு மூன்று நாட்களாவது பையன்கள் அங்கே பைக்கில் வந்து சேர்வர். சைலன்ஸரைக் கழற்றிய வண்டிகள் உறுமும். இருவர் சரிசமமாக நிற்க, மூன்றாமவன் கைக்குட்டையைக் கீழே போடுவான். அடுத்த நொடி வேப்பஞ்சருகுகள் பறக்கும். மேல்நிலைப் பள்ளி முடித்தவர் சிலர், முடிக்காதவர் சிலர். தலைக்கவசம் அணிந்தவன் ஒருவனையும் நாங்கள் கண்டதில்லை. தலை வாரியது கலைந்துவிடுமாம்!

கட்டுரையில் உண்மையை மறைக்காமல் எழுத வேண்டும் என்று தமிழாசிரியை அடிக்கடி கூறுவார். ஆகவே இதையும் எழுதுகிறோம். நாங்கள் வேடிக்கை பார்த்தோம். பேருந்து வந்தும் ஏறாமல் நின்று பார்த்தோம். யார் முதலில் வருவார் என்று எங்களுக்குள் பந்தயம் கட்டினோம். தோற்றவர் மறுநாள் கடலைமிட்டாய் வாங்கித் தர வேண்டும். சிலர் கையசைத்தோம். கைப்பேசி வைத்திருந்த அக்காமார் படம் பிடித்துப் பலருக்கும் அனுப்பினர். அதைப் பார்த்து மறுவாரம் இன்னும் நான்கு வண்டிகள் வந்தன.

ஜூலை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பேருந்து நிறுத்தத்தில் பூ விற்கும் பூக்காரம்மா, சில்லறை மாற்றுவதற்காக எதிர்க் கடைக்குச் சாலையைக் கடந்தார். பாதிச் சாலையில் இருந்தபோது இரண்டு வண்டிகளும் வந்துவிட்டன. ஒன்று விலகிப் போயிற்று. மற்றொன்று விலகவில்லை. இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். இன்று கைத்தடி ஊன்றி நடக்கிறார். ஆனால் தரையில் சம்மணமிட்டு அமர இயலாது. தரையில் அமர இயலாதவர் பூக்கட்டி விற்பது எவ்வாறு? அவர் அமர்ந்த இடத்தில் இப்போது வேறொருவர் கொய்யாப்பழம் விற்கிறார். வண்டி ஓட்டிய பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

அந்தப் பையன் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அண்ணன். அவள் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறோம். இரண்டு வாரம் அவள் யாருடனும் உணவு உண்ணவில்லை. நாங்களும் அவளை அழைக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் அண்ணனுக்குக் கைதட்டியவர்கள் நாங்கள்தாமே என்ற எண்ணம் அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

பிறகு நடந்ததைப் பெற்றோர் அறிவர். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் ஒரே கொந்தளிப்பு. “பிடித்து உள்ளே போடுங்கள்” என்றார் ஒருவர். “வண்டி வாங்கிக் கொடுத்த தகப்பனை முதலில் போடுங்கள்” என்றார் மற்றொருவர். காவல்துறையினர் வந்து சாலையில் இரும்புத் தடுப்புகளை வைத்தனர். நான்கு வண்டிகளைப் பறிமுதல் செய்தனர். ஒரு வாரம் சாலை அமைதியாக இருந்தது. இரண்டாம் வாரம் அதே உறுமல், மருத்துவமனையின் பின்புறச் சாலையிலிருந்து கேட்டது! பையன்கள் திருந்தவில்லை, இடம் மாறினர். நோயாளிகள் படுத்திருக்கும் இடத்தைத் தேடிப் போனதுதான் நாம் கண்ட பலன்.

இந்தச் சமயத்தில்தான் சமூக அறிவியல் கற்பிக்கும் சிஸ்டர், வகுப்பில் ஒரு பட்டிமன்றம் வைத்தார். ‘சாலைப் பந்தயத்தை ஒழிக்கத் தக்க வழி தண்டனையா, களமா?’ என்பது தலைப்பு. ‘களமே’ என்று வாதாடும் அணி எங்களுக்கு வாய்த்தது. சீட்டுக் குலுக்கியதில் வந்ததே தவிர, விரும்பி எடுத்ததன்று. “குற்றம் செய்தவனுக்கு மைதானம் கட்டிக் கொடுப்பதா?” என்று எங்களுக்கே கோபம். வாதத்துக்காகப் படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க எண்ணம் மாறியது. பட்டிமன்றத்தில் நாங்கள் தோற்றுவிட்டோம். ஆயினும் எங்கள் கருத்து மாறவில்லை. எனவே இந்த ஆண்டு மலரின் பக்கங்களை நாடுகிறோம்.

நமக்கு வந்த இந்தத் தொல்லை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய இளைஞர் பழைய கார்களை மலிவாக வாங்கி, தாமே பிரித்துப் பூட்டி, வேகம் கூட்டிச் சாலைகளில் பந்தயம் ஓட்டினர். பத்திரிகைகள் திட்டின. காவலர் துரத்தினர். துரத்தியதும் ஒரு பந்தயமாகவே ஆயிற்று! இந்நிலையில் ‘ஹாட் ராட்’ என்னும் இதழின் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ் என்பவர், 1951ஆம் ஆண்டில் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். ஓடுவதை நிறுத்துங்கள் என்று அவர் இளைஞரிடம் கூறவில்லை. சாலையை விட்டுவிட்டு வாருங்கள், விதி வைத்து ஓடுவோம் என்றார்.

எங்களைக் கவர்ந்தது அடுத்து வரும் செய்தி. பொமோனா என்ற ஊரின் காவல்துறைத் தலைவராக இருந்தவர் ரால்ஃப் பார்க்கர். பட் கூன்ஸ் என்னும் சார்ஜென்ட் அவருக்குக் கீழ் பணியாற்றினார். ஊர் இளைஞர்களுடன் பேசி, கண்காட்சித் திடலின் வாகன நிறுத்துமிடத்தில் அவர்கள் பந்தயம் ஓட்ட வழி செய்தவர்கள் இந்தக் காவலர்களே. 1953ஆம் ஆண்டில் சங்கத்தின் முதல் அதிகாரபூர்வமான பந்தயம் அவ்விடத்தில்தான் நடந்தது. சார்ஜென்ட் கூன்ஸ் அத்துடன் நிற்கவில்லை. 1954இல் நால்வர் கொண்ட குழுவுக்குத் தலைவராகி, ஒரு காரும் இழுவண்டியுமாக ஊர் ஊராகச் சென்றார். பயன்படாத விமான ஓடுதளங்களில் பாதுகாப்பாகப் பந்தயம் நடத்துவது எப்படி என்று ஊர்க்காரர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். ஒரு போலீஸ்காரர்! பொமோனாவில் 1961 முதல் ‘வின்டர்நேஷனல்ஸ்’ என்னும் பெரிய போட்டியும் நடந்து வருகிறது. கார் நிறுத்துமிடமாக இருந்த நிலம் உலகப் புகழ் பெற்ற களமாயிற்று.

இந்தப் பந்தயம் நாங்கள் சாலையில் கண்டதைப் போன்றதே. இரண்டு வண்டிகள், ஒரு நேர்கோடு, கால் மைல் தூரம். அதாவது சுமார் 402 மீட்டர். வேறுபாடு எங்கே என்றால், அங்கே குறுக்கே பூக்காரம்மா வரமாட்டார். ஓடுவதற்கு முன் ஒருவர் பிரேக்கையும் டயரையும் சோதிப்பார். தலைக்கவசம் இல்லாதவனைக் கோட்டருகே விடமாட்டார்கள். கைக்குட்டைக்குப் பதில் விளக்கு எரியும். ஓடி முடித்தபின் நிற்பதற்கு நீண்ட இடம் விட்டிருப்பார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தூங்காமல் காத்திருப்பார்.

இங்கே சற்று நிறுத்தி, எங்கள் அறிவியல் பாடத்தைக் கொஞ்சம் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்தவே ஒரு விநாடி ஆகிவிடும். அதன் பிறகு வண்டி நிற்க, நல்ல சாலையிலும் முப்பத்தைந்து நாற்பது மீட்டர் வேண்டும். வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்தோம். தேர்வில் முழு மதிப்பெண்ணும் பெற்றோம். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது அது எங்களில் ஒருத்திக்கும் நினைவு வரவில்லை.

கலிபோர்னியாவைச் சேர்ந்த மற்றொருவரைப் பற்றியும் கூற வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாட்ஸ் என்னும் பகுதி உண்டு. 1965 ஆகஸ்டில் அங்கே பெருங்கலவரம் மூண்டு, முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கறுப்பின மக்களுக்கும் காவல்துறைக்கும் இடையே இருந்த பகையை எழுதி முடியாது. அந்த நகரத்தில் வில்லி ராபின்சன் என்று ஒருவர் இருந்தார். ஆறரை அடி உயரம். ‘பெரிய வில்லி’ என்றே அழைப்பர். கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோ வழியினர், ஆசியர் என்று பாராமல் பந்தயம் ஓட்டுவோரை எல்லாம் ஒரே சகோதரக் கூட்டமாகத் திரட்டினார். கலவரத்தால் கசந்திருந்த காவல்துறையினரே அவரை நாடி, பந்தயங்களை ஒழுங்குபடுத்த உதவி கேட்டனர். அவர் மனைவி டோமிக்கோவும் பந்தய வீராங்கனையே. காவல்துறையில் பணியாற்றி, பின்னர் நகர மேயரான டாம் பிராட்லியின் ஆதரவும் கிடைத்தது. துறைமுகத்தை ஒட்டிய டெர்மினல் தீவில், 1974ஆம் ஆண்டில் அவர்களுக்கென்று ஒரு பந்தயக் களம் திறக்கப்பட்டது.

இதைப் படித்தபோது எங்களுள் ஒருத்தி, “சட்டம் வேறு, சண்டை வேறு, சண்டைக்காரர்களையே காவலர் கூப்பிட்டார்களே!” என்று வியந்தாள். அங்கேதான் விஷயம் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. பையன்கள் காவலரின் சொல்லைக் கேட்கமாட்டார்கள். பெரிய வில்லியின் சொல்லைக் கேட்பார்கள். நம் ஊரிலும் அத்தகையவர் இல்லாமலில்லை. பைக் மெக்கானிக் கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள். யார் சைலன்ஸரைக் கழற்றினான், யார் புதிய பற்சக்கரம் மாட்டினான் என்று அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அவரைச் சாட்சியாக மட்டும் அழைக்காமல், துணையாக அழைத்தால் என்ன?

டெர்மினல் தீவின் கதை இன்பமாக முடியவில்லை. துறைமுகத்துக்கு நிலம் தேவைப்பட்டது. களம் மூடுவதும் திறப்பதுமாகப் பல ஆண்டுகள் இழுபறி. 1995இல் முற்றிலும் மூடப்பட்டது. பெரிய வில்லி 2012இல் இறக்கும்வரை அதைத் திறக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டே இருந்தார். நகரின் தெருக்களில் பந்தயமும் இன்றுவரை ஓயவில்லை. பொதுநலனுக்கென்று கொடுத்த நிலத்தைத் திரும்பப் பெறுவது எளிது. அதைப் பெற்றபின் பையன்கள் எங்கே போவார்கள் என்று கேட்பதற்கு மட்டும் ஆளில்லை.

புளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் 1984ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சி இன்னும் வேடிக்கையானது. அங்கே காவலர் தம் ரோந்துக் காரிலேயே களத்துக்கு வந்து, “எங்களை முந்துங்கள் பார்ப்போம்!” என்று இளைஞரை அழைத்தனர். தோற்றாலும் சிரித்துக்கொண்டே கைகுலுக்கி, அப்படியே சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசுவர். அந்த முயற்சி பல ஊர்களுக்குப் பரவியது. நம் ஊர் இன்ஸ்பெக்டர் ஐயாவை ஜீப்பில் அப்படிக் கற்பனை செய்து பார்த்து, வகுப்பே சிரித்தது. அவர் மன்னிப்பாராக.

ஆனால் எங்களைச் சிரிக்க விடாத ஊர் ஒன்றும் உண்டு. அது சான் டியேகோ. 1990களின் இறுதியில், அங்கே பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த பேராசிரியர் ஸ்டீபன் பெண்டர் என்பவர், விளையாட்டரங்கத்தின் வாகன நிறுத்துமிடத்தில் இளைஞருக்கென முறையான பந்தயங்களைத் தொடங்கினார். இடம் சிறியது, ஆகவே கால் மைலுக்குப் பதில் அரைக்கால் மைல், அதாவது 201 மீட்டர். நோய் பரவுவதை ஆராயும் ஒருவர் பந்தயத்தைத் தொற்றுநோய்போல் பார்த்தது எங்களுக்குப் புதுமையாக இருந்தது. கிருமியை அடித்து விரட்ட முடியாது. அது பரவும் வழியைத்தான் மாற்ற வேண்டும் அல்லவா? அதே காலத்தில் நகர நிர்வாகமும் சட்டத்தைக் கடுமையாக்கியது. ஓட்டுபவனின் காரைப் பறிக்கலாம் என்றது. அதோடு நிற்காமல், சாலைப் பந்தயத்தை வேடிக்கை பார்க்கக் கூடி நிற்பதும் குற்றம் என்று விதி செய்தது.

வேடிக்கை பார்ப்பது குற்றம்! இந்த வரியைப் படித்ததும் எங்கள் அணியில் ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடலைமிட்டாய் நினைவு வந்தது. ஆளில்லாத இடத்தில் எந்தப் பையனும் பந்தயம் ஓட்டுவதில்லை. நான்கரை மணிக்கு ஏன் வருகிறான்? மதியம் இரண்டு மணிக்கு அதே சாலை இன்னும் காலியாக இருக்குமே! பார்ப்பதற்கு நாங்கள் இருப்பதால் வந்தான். இதைச் சொன்னபோது சில பெற்றோர், “பெண் பிள்ளைகள் மேல் பழி போடாதீர்கள்” என்று எங்களுக்காகப் பரிந்து பேசினர். அவர்கள் அன்புக்கு நன்றி. ஆயினும் பழியில் எங்கள் பங்கை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்.

சான் டியேகோவில் சாலைச் சாவுகள் குறைந்தது களத்தாலா, சட்டத்தாலா என்று பட்டிமன்றத்தில் எதிரணித் தலைவி மடக்கினாள். நல்ல கேள்வி. இரண்டும் சேர்ந்தே வந்ததால் இரண்டையும் பிரித்துக் காட்ட எங்களால் முடியவில்லை; தோற்றதும் அவ்விடத்தில்தான். வீட்டுக்குப் போய் யோசித்தபோது, பிரிக்க வேண்டிய தேவையே இல்லை என்று தோன்றியது. தடுப்புக் கம்பி வைத்தால் பையன் மருத்துவமனைச் சாலைக்குப் போகிறான். களத்தை மட்டும் திறந்துவிட்டுச் சாலையைக் கவனிக்காவிட்டால், களத்தில் பழகிவிட்டுச் சாலையில் காட்டுவான். ஒரு கதவை மூடும் கை, இன்னொன்றைத் திறக்கவும் வேண்டும்.

“வேகத்தை நாமே ஊக்குவிப்பதாகாதா?” என்று மதர் கேட்டார்கள். அந்த அச்சம் எங்களுக்கும் உண்டு. களத்தில் ஆபத்தே இல்லை என்று பொய் கூறமாட்டோம். ஷெர்லி மல்டவுனி என்ற அமெரிக்கப் பெண்மணி, பள்ளிப் பருவத்தில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரத் தெருக்களில் கார்ப் பந்தயம் ஓட்டியவர். பின்னர் முறையான களத்துக்கு வந்தார். மிக வேகமான ‘டாப் ஃபியூயல்’ பிரிவில், 1973இல் உரிமம் பெற்ற முதல் பெண் அவரே. 1977, 1980, 1982 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அப்பிரிவின் தேசியப் பட்டத்தை வென்றார். அத்தகையவருக்கே 1984இல் பெரும் விபத்து, கால்கள் நொறுங்கின. பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் 1986இல் மீண்டும் ஓட்ட வந்தார். களத்திலும் எலும்பு முறியும். ஆனால் முறிந்தது ஓட்டுபவரின் எலும்பு; அவர் அறிந்தே ஏற்றது. பூக்காரம்மாவிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

நம் நாட்டுச் சட்டத்தையும் பார்த்தோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 189ஆம் பிரிவு. பொது இடத்தில் வண்டிப் பந்தயம் ஓட்டினால், 2019இல் செய்த திருத்தத்தின்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் ஓராண்டு, 10,000 ரூபாய். பதினெட்டு வயது நிரம்பாதவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது. பிள்ளை கேட்டான் என்று சாவியை எடுத்துக் கொடுக்கும் தந்தையர் இந்த வரியை இன்னொரு முறை படிக்கும்படி வேண்டுகிறோம்.

அதே 189ஆம் பிரிவில் ஒரு சிறு தொடர் இருக்கிறது. மாநில அரசின் எழுத்து மூலமான சம்மதம் இன்றி ஓட்டினால்தான் குற்றம். ஆக, சட்டம் கதவை முற்றிலும் சாத்தவில்லை. பூட்டிச் சாவியை அரசிடம் கொடுத்திருக்கிறது. அந்தச் சாவி எப்போது திறக்கிறது? 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சுமார் 3.5 கிலோமீட்டர் சாலையில், இரவில் விளக்கொளியில் கார்ப் பந்தயம் நடந்தது. நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது. விலையுயர்ந்த கார்களுக்குக் கிடைத்த சம்மதம், தவணையில் வாங்கிய பைக்குக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பதே எங்கள் கேள்வி.

பந்தயக் களம் தமிழ்நாட்டுக்குப் புதியதுமன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போரின்போது அமைத்த விமான ஓடுதளத்தில், சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடத்தியது. எங்கள் தாத்தாமார் சிலர் சோற்று மூட்டையுடன் போய்ப் பார்த்தவர்கள். கலிபோர்னியாவில் செய்ததையே, பழைய ஓடுதளத்தை வைத்து நம்மவரும் செய்திருக்கிறார்கள்! பின்னர் 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான களம் வந்தது. கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் கரி களம் இருக்கிறது. நேர்கோட்டுப் பந்தயங்களும் நடப்பதுண்டு. பெண்களும் ஓட்டுகிறார்கள், சென்னையின் அலிஷா அப்துல்லா பெயரை அறியாத பெண்கள் எங்கள் வகுப்பில் இல்லை. ஆனால் உரிமம், தோலுடை, கையுறை, நுழைவுக் கட்டணம், அங்கே போய்வரும் செலவு என்று கூட்டிப் பார்த்தால், கூரியர் மூட்டை சுமக்கும் பையனுக்கு அது வானத்து நிலவு. காவல்துறையும் ஊரும் கைகொடுக்க வேண்டிய இடம் இதுவே.

காசு வைத்து ஆட்டோ ரேஸ் நடத்துவோரைக் களம் திருத்தும் என்று நாங்கள் நம்பவில்லை. அவர்களுக்கு வேகம் ஒரு சூதாட்டக் காய். அவர்களைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். நாங்கள் பேசுவது வேகத்துக்காகவே ஓடும் பையன்களைப் பற்றி.

தண்டனை வேண்டாம் என்றும் நாங்கள் கூறவில்லை. ஆனால் எத்தகைய தண்டனை? 2022ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம், பைக் ரேஸ் வழக்கில் சிக்கிய இளைஞர் ஒருவரை, ஒரு மாதம் அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் வார்டு வேலை செய்யுமாறு நிபந்தனை விதித்துப் பிணையில் விட்டது. எங்கள் தோழியின் அண்ணனுக்கு அப்படி யாரும் உத்தரவிடவில்லை. அவள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பூக்காரம்மா வீட்டுக்குப் போனாள். முதல் நாள் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இப்போது ஞாயிறுதோறும் அவன் காய்கறி வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறான். மன்னித்தாரா என்று கேட்டோம். “தெரியாது, காய்கறியை வாங்கிக்கொள்கிறார்” என்றாள் தோழி.

சென்னையில் காவல்துறை சிறுவர் சிறுமியர் மன்றங்களை நடத்தி, விளையாட்டும் பாடமும் கற்பிக்கிறது. பந்து கொடுக்கிற கை, ஒரு நேர்க்கோடும் கொடுக்கலாம் அல்லவா? அந்த எண்ணத்தோடு எங்கள் வகுப்பு, தலைமையாசிரியை சிஸ்டரின் கையொப்பத்துடன் காவல் ஆய்வாளருக்கு ஒரு கடிதம் எழுதியது. மாதம் ஒரு ஞாயிறு, பதினெட்டு நிரம்பி உரிமம் உள்ளவர்களுக்கு மட்டும், தலைக்கவசம் கட்டாயம், மெக்கானிக் அண்ணன் வண்டியைச் சோதிக்க வேண்டும், ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும், பெற்றோர் வந்து பார்க்க வேண்டும். வேடிக்கை பார்க்க நாங்களும் வருவோம், வேலிக்கு வெளியே. இவ்வளவும் எழுதினோம். அவர் நேரில் வந்து, “நல்ல யோசனைதான் அம்மா. மேலிடத்து அனுமதி நான் கேட்கிறேன். இடம் எங்கே? முதலில் இடத்தைக் காட்டுங்கள்” என்றார்.

இடம் தேடினோம். பேருந்து நிலையத்துக்கு அப்பால், பல ஆண்டுகளாக மூடிக் கிடக்கும் மில்லின் உள்ளே, லாரிகள் நிற்பதற்காகப் போட்ட சிமெண்டுத் தளம் ஒன்று இருக்கிறது. காவலாளி தாத்தாவின் அனுமதியுடன், கணக்கு ஆசிரியையை அழைத்துக்கொண்டு சென்ற சனிக்கிழமை அங்கே சென்றோம். விளையாட்டுத் துறையின் அளவு நாடாவைப் பிடித்து, முட்செடிகளை விலக்கி, மூன்று முறை அளந்தோம். 310 மீட்டர் வந்தது. சான் டியேகோவைப் போல் 201 மீட்டர் ஓடினால், நிற்பதற்கு 109 மீட்டர் மிஞ்சும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நிற்க, யோசிக்கும் விநாடியையும் சேர்த்து 90 மீட்டருக்கு மேல் வேண்டும் என்று கரும்பலகையில் போட்டுப் பார்த்தோம். சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கடைசியில் ஒரு சுவர் நிற்கிறது. ஓடும் தூரத்தை 150 மீட்டராகக் குறைத்து, சுவரின் முன் பழைய டயர்களை அடுக்க வேண்டும் என்று ஆசிரியை கூறினார். டயர்களைத் தோழியின் அண்ணன் திரட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். மில் கதவின் சாவி சட்டப்படி யார் கையில் இருக்கிறது என்று ஆய்வாளர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.